கூடித் தைக்கும் குவில்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் தையல் கூட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

குவில்ட் என்றால் ஒட்டுப்போட்ட போர்வைதானே?

பாதி சரி. துண்டுகளை இணைத்துச் செய்வது மேல்துணி மட்டும். அதன் அடியில் பஞ்சு விரிப்போ மெல்லிய துணியோ ஓர் அடுக்கு, அதற்கும் கீழே பின்துணி. இந்த மூன்றையும் ஊடுருவித் தைத்தால்தான் அது குவில்ட். துண்டே இல்லாமல் ஒரே துணியை மேலே போட்டும் குவில்ட் செய்யலாம். துண்டு இணைப்பது ஒரு வேலை, மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பது இன்னொரு வேலை. ஒன்றில் கை தேர்ந்தவர் மற்றொன்றில் தடுமாறுவது சகஜம்.

நம் பக்கத்துக்கு இது அந்நியமும் இல்லை. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழி வந்த சித்தி மக்கள் தைக்கும் கவந்தியும் இதே குடும்பம். பிறந்த குழந்தைக்காகப் பாட்டிகள் நூல்புடவையை நான்காக மடித்து ஓரம் அடித்துக் கொடுத்த விரிப்பையும் நான் இதில் சேர்ப்பேன். தேரில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு துணிமேல் வேறு நிறத் துணியை வெட்டி வைத்துத் தைக்கும் அந்த ஒட்டுவேலையும் குவில்ட்டின் மேல்துணியில் உண்டு.

சென்னை வெயிலில் இதை யார் போர்த்திக்கொள்வது?

கனமான பஞ்சு வைத்தால் யாரும் போர்த்திக்கொள்ள மாட்டார்கள். குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றாதீர்கள். நடு அடுக்குக்குப் பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு அல்லது நைந்த நூல்புடவை போதும். ஏசி அறைக்குக்கூட அது தாராளம். மெத்தைக்கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் நம் ஊரில் வியர்க்கும். பை, மேசைவிரிப்பு, சுவரில் மாட்டுவது ஆகியவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கால்மிதி மெஷின்தான் இருக்கிறது. புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். துண்டு இணைக்க நேர்த்தையல் ஒன்றே போதும். பழைய கறுப்பு மெஷின்கள் அதை அழகாகப் போடும். ஊசியை மட்டும் மாற்றுங்கள். மாதக்கணக்காக ஒரே ஊசியில் ஓட்டிவிட்டு மெஷின் நூல் விழுங்குகிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். பருத்தித் துணிக்கு 14-ஆம் எண் ஊசி சரியாக இருக்கும்.

சக்கரக் கத்தி, வெட்டுப் பலகை, கட்டம் போட்ட பெரிய ஸ்கேல் மூன்றும் வேலையைச் சுலபமாக்கும். ஆனால் முதல் நாளே வாங்காதீர்கள். எந்தக் கூட்டத்திலும் இரண்டு பேரிடம் அவை இருக்கும். ஒரு மதியம் கடன் வாங்கி எல்லாத் துண்டுகளையும் வெட்டிக்கொண்டு போகலாம். கத்திரிக்கோலால் வெட்டிய நல்ல குவில்ட்டுகளும் ஏராளம்.

முதல் குவில்ட்டுக்கு எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

முதலில் குழந்தை அளவில் ஒன்று செய்யுங்கள். இரட்டைக் கட்டில் அளவில் தொடங்கியவர்களில் பலருடைய வேலை இன்னும் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. 5 அங்குலச் சதுரங்களாக 80 வெட்டுங்கள். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால் ஒவ்வொன்றும் 4½ அங்குலமாக நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10 வைத்தால் 36-க்கு 45 அங்குலம்.

44 அங்குல அகலத் துணியாக இருந்தால் மேல்துணிக்கு மொத்தம் ஒன்றரை மீட்டர் வேண்டும். அதை நான்கைந்து வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். பின்துணி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே 1.4 மீட்டர். சுற்றி வரும் ஓரப்பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் ஐந்து கீற்றுகள், அதற்கு 35 சென்டிமீட்டர். துவைத்தால் சுருங்கும் என்பதால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள்.

மொத்தமாக வாங்குபவர்கள் சௌகார்பேட்டை கோடவுன் தெருவுக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும் போகிறார்கள். நான் புதியவர்களிடம் சொல்வது வேறு: தெருமுனைத் தையல்காரரிடம் ஜாக்கெட் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளைக் கேளுங்கள். அதில் பருத்தியை மட்டும் பொறுக்குங்கள். பனியன் துணி இழுபடும், முதல் வேலைக்கு ஆகாது.

துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டுமா?

நம் துணிகளுக்கு ஆம் என்பேன். புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். ஒவ்வொரு துணியும் ஒவ்வோர் அளவு சுருங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து சாயம். சுங்குடி, கலம்காரி, கைத்தறிச் சிவப்பு, கருநீலம் எதையும் நம்ப வேண்டாம். ஒரு சிறு துண்டை வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு ஈரத்தோடு எடுத்து வெள்ளைத் துணியின்மேல் வைத்துக் காயவிடுங்கள். வெள்ளையில் கறை பட்டால் அந்தத் துணியைத் தனியே மறுபடி மறுபடி அலச வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் அது வெள்ளையின் பக்கத்தில் உட்காரத் தகுதியற்ற துணி.

உப்பு போட்டால் நிற்கும், வினிகர் போட்டால் நிற்கும் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். இன்றைய ஆலைச் சாயங்களை அவை கட்டிப்போடுவதில்லை.

எல்லாத் துண்டையும் சரியாகத்தான் வெட்டினேன். தைத்த பிறகு வரிசைகள் ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை?

எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. மேல்பக்கத்தைக் காட்டிக் கேட்பார்கள். நாங்கள் திருப்பிப் பார்ப்போம், விடை அங்கேதான் இருக்கும். தையலுக்கு விட்ட ஓரம் ஓரிடத்தில் கால் அங்குலம், சற்றுத் தள்ளி அதைவிடக் கொஞ்சம் அதிகம், முடிவில் குறைவு என்று ஓடியிருக்கும். ஒரு தையல் வெறும் 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப்போனால் இரண்டு துண்டிலும் சேர்த்து 1/8 அங்குலம் தொலைகிறது. எட்டுச் சதுர வரிசையில் ஏழு இணைப்புகள். கணக்குப் போட்டால் ஒரு வரிசை கிட்டத்தட்ட ஓர் அங்குலம் குறுகிவிடும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று கீற்றுகளை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு அளக்கவும். நடுக்கீற்று சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் வர வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் வெளியே போகிறது.

பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை. பல மெஷின்களில் பாதத்தின் விளிம்பு ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் இருப்பதில்லை; அதை நம்பி ஓட்டினால் ஓரம் அளவு மாறித்தான் வரும். ஸ்கேலின் கால் அங்குலக் கோட்டின்மேல் ஊசியை இறக்கி, ஸ்கேலின் விளிம்பை ஒட்டி மெஷின் தட்டில் பிளாஸ்டர் டேப்பை நான்கைந்து அடுக்காக ஒட்டுங்கள். சின்ன மேடு கிடைக்கும். துணி அதில் உரசிக்கொண்டே போகும். ஒட்டியபின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை தடிமன் குறைவாக ஓட்டுவது இன்னும் நல்லது, ஏனென்றால் துணி மடங்கும் இடமும் கொஞ்சம் அகலத்தைத் தின்னும்.

அளவு சரியாக வந்துவிட்டது. நான்கு சதுரம் சந்திக்கும் முனை மட்டும் விலகுகிறதே?

இது இஸ்திரி விஷயம். முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் இடப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள், அடுத்த வரிசையை வலப்பக்கம். இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைக்கும்போது தடிப்பு ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். அங்கே ஒரு குண்டூசி.

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுக்காதீர்கள். வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். நெடுக்கும் குறுக்கும் ஓடும் பாவு, ஊடை இழைகளுக்குச் சாய்வாக வெட்டிய முக்கோணத் துண்டுகள் இன்னும் மோசமாக இழுபடும்.

என் தையல் கேவலமாக இருக்கிறது. எல்லார் முன்னும் எடுத்துவர வெட்கமாக இருக்கிறது.

நன்றாகத் தைத்ததை எடுத்துவந்தால் "அழகாக இருக்கிறது" என்பார்கள், டீ குடிப்பார்கள், அவ்வளவுதான். வராததை எடுத்துவந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள். பிரித்துவிட்டு வராதீர்கள், வெட்டி ஒழுங்குபடுத்திவிட்டும் வராதீர்கள். நூல் தொங்கியபடி, பின்பக்கம் தெரியும்படி மேசையில் வையுங்கள். மேலே சொன்ன இரண்டு சிக்கல்களும் பின்பக்கத்தைப் பார்த்தால் சில நொடிகளில் பிடிபடுபவை. முன்பக்கப் புகைப்படத்தை மட்டும் அனுப்பி "எங்கே தவறு?" என்று கேட்டால் அனுபவசாலியும் ஊகம்தான் சொல்ல முடியும்.

கேட்கும் முறையும் முக்கியம். "இது எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பாராட்டு மட்டும்தான் கிடைக்கும். "மூன்றாவது வரிசை ஏன் அலைபோல் நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒருவர் தையல் ஓரத்தை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடு என்கிறார், இன்னொருவர் ஒருபக்கம் சாய் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு வேலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு. ஒருபக்கம் சாய்த்தால் முனைகள் பூட்டிக்கொள்ளும். பல முக்கோணங்கள் ஓர் இடத்தில் குவியும் வடிவங்களில் அப்படிச் செய்தால் கட்டியாகத் தடித்து நிற்கும், அங்கே இரு பக்கமும் விரிப்பதே நல்லது. ஆகவே அறிவுரை சொல்பவரிடம் "நீங்கள் எதைத் தைக்கும்போது இப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். கை வேலையா, மெஷினா, தினம் துவைப்பதா, சுவரில் மாட்டுவதா என்று தெரிந்தால் பாதி முரண்பாடு மறைந்துவிடும்.

ஒரு வேலை முடியும் வரை ஒருவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். அடுத்த வேலையில் மற்றவருடைய முறையைச் சோதிக்கலாம்.

சந்தேகம் கேட்டால் ஓர் அக்கா துணியை வாங்கித் தானே தைத்துக் கொடுத்துவிடுகிறார். எப்படி மறுப்பது?

எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஓர் அக்கா உண்டு, அன்பில்தான் செய்கிறார். "அக்கா, நான் தைக்கிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்" என்று சொல்லி மெஷினை விட்டு எழாமல் இருங்கள். அவர் செய்தே காட்டுவேன் என்றால் வேறொரு கழிவுத் துணியைக் கொடுங்கள். மூத்தவர்களுக்கும் ஒரு சொல்: கற்க வந்தவரின் துணியில் உங்கள் கை பட வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் பின்துணியில் மடிப்பு மடிப்பாக விழுகிறது. என்ன செய்வது?

அடுக்கை நிலைநிறுத்தும் வேலையைத் தனியாகச் செய்திருப்பீர்கள். குவில்ட்டில் துணைக்கு ஆள் கட்டாயம் வேண்டிய கட்டம் இது ஒன்றுதான். கூட்டத்துக்கு எடுத்துவாருங்கள்; நாலு கை இருந்தால் ஒரு மணி நேர வேலை.

தரையைத் துடைத்துக் காயவிட்டு, பின்துணியின் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது, இழுத்துப் பிடிக்கவும் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி மேலே உள்ளவற்றைச் சுருக்கிவிடும். அதன்மேல் நடு அடுக்கு, பிறகு மேல்துணி. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே வர வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். ஊக்குகளை எல்லாம் திறந்தபடியே குத்திவிட்டுக் கடைசியில் மூடலாம். ஒரு தேக்கரண்டியின் நுனியால் ஊக்கின் முனையை நிமிண்டித் தூக்கி மூடினால் விரல்நுனி தப்பும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

தைப்பதும் நடுவிலிருந்து வெளியே. தையல் வரிசைகளுக்கு இடையே நான்கு அங்குலத்துக்குமேல் விடாதீர்கள், நடு அடுக்கு பஞ்சாக இருந்தால் நாளடைவில் திரண்டுவிடும்.

மெஷினில் பெரிய துணியை நுழைக்கவே முடியவில்லை. கையால் தைக்கலாமா?

தாராளமாக. குட்டையான ஊசி, நடுவிரலில் திம்பிள் (ஊசி குத்தாமல் காக்கும் விரலுறை), ஓட்டுத்தையல். நூல்முனையில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல்துணி வழியாகக் குத்தி மெல்லச் சுண்டி இழுத்தால் முடிச்சு நடு அடுக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தையல் நீளம் சிறிதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பதில் கவனம் வையுங்கள்.

அளவும் கணக்கும் அறவே பிடிக்காது என்பவர்களுக்கு நான் சித்தி மக்களின் கவந்தி முறையைச் சிபாரிசு செய்கிறேன். உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாபுரா, ஹலியால் பக்கத்தில் வாழும் சித்திப் பெண்கள் ஒரு பழைய புடவையை அடியில் விரித்து, அதன்மேல் துண்டுகளை விளிம்பு மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டபடியே போவார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டு இணைப்பதும் அடுக்குத் தைப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். கால் அங்குலச் சோதனை எதுவும் தேவைப்படாது. கடைசியில் நான்கு மூலையிலும் துணியை மடித்துச் செய்த 'பூலா' ஒன்றைத் தைப்பார்கள். மூலையில் பூ வைக்காமல் கவந்தி முடிவதில்லை.

ஓரப்பட்டியை கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்ட வேண்டுமா?

ஓரம் வளைவாக இருந்தால் மட்டும். நேர் ஓரத்துக்கு நேராக வெட்டிய பட்டி போதும், துணியும் மிச்சம்.

அம்மாவின் பட்டுப்புடவைகளை குவில்ட் ஆக்க ஆசை. செய்யலாமா?

முதலில் ஒரு மடிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடித்து வைத்த பட்டு அந்தக் கோட்டில் இழை விட்டிருக்கும்; சில புடவைகளில் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். அந்த இடங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும். வெட்டும் முன் உள்பக்கம் மெல்லிய மல் துணியை வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டால் பட்டு வழுக்காது, பிரியாது. ஜரிகைக் கரை கனம், தோலில் உரசும். ஊசியும் சீக்கிரம் மழுங்கும்.

இதைப் போர்வையாக்கினால் துவைக்க முடியாது. சுவரில் மாட்டவோ தலையணை உறைக்கோ நல்லது. தினமும் தொட்டுப் புழங்க வேண்டும் என்றால் அம்மாவின் நூல்புடவைகளை எடுங்கள், செட்டிநாட்டுக் கண்டாங்கி இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். ஒரு வேண்டுகோள்: உங்கள் முதல் குவில்ட் இதுவாக இருக்க வேண்டாம்.

முடித்த குவில்ட்டைக் கல்லில் அடித்துத் துவைக்கலாமா?

ஐயோ, வேண்டாம். குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, மெஷினில் மென்மையான சுழற்சி. கொடியில் ஒரு முனையைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையே தையலை அறுத்துவிடும். இரண்டு கொடிகளின்மேல் பரத்தி நிழலில் காயவிடுங்கள்.

குழுவில் ஆளுக்கொரு கட்டம் (துண்டுகளை இணைத்துச் செய்யும் மேல்துணியின் ஒரு பகுதி) தைத்து மாற்றிக்கொண்டோம். எனக்கு வந்ததில் இரண்டு சிறியவை, ஒன்று பெரியது. எதையும் சொன்னால் மனம் புண்படுமே?

சொல்ல வேண்டிய நேரம் தொடங்கும் முன்புதான். எல்லோரும் கால் அங்குலச் சோதனையைச் செய்து அந்தக் கீற்றையும் கட்டத்தோடு அனுப்பட்டும்; யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது. இப்போது கையில் உள்ளதற்கு வழி: எல்லாக் கட்டங்களையும் சுற்றி ஒரே நிறத்தில் இரண்டு அங்குலப் பட்டி வைத்துத் தைத்து, பிறகு மொத்தத்தையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். சிறிய கட்டத்தில் பட்டி அகலமாகத் தெரியும், பெரியதில் குறுகலாக. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வடிவமைப்பு.

நான் காசு கொடுத்து வாங்கிய வடிவத்தாளை நகல் எடுத்துக் குழுவில் கொடுக்கலாமா?

கூடாது. ஒன்பது சதுரக் கட்டம், நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிக் கீற்று ஏறும் லாக் கேபின் போன்ற பழைய வடிவங்கள் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. அவற்றை யாரும் யாருக்கும் சொல்லித்தரலாம். ஒருவர் வரைந்து விற்கும் தாள் அவருடைய பிழைப்பு. தாளை ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கலாம். நகலெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பது வேறு.

எல்லோரும் சேர்ந்து தைத்த குவில்ட் யாருக்குச் சொந்தம்?

கூடித் தைப்பதன் வரலாறு முழுக்க இந்தக் கேள்வி உண்டு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஊரைவிட்டுப் போகிறவருக்காகத் தோழிகள் தத்தம் கட்டத்தில் பெயரெழுதித் தைத்துக் கொடுத்தார்கள், அங்கே சொந்தக்காரர் யார் என்பதில் குழப்பமில்லை. 1966-இல் அலபாமாவின் வில்காக்ஸ் பகுதியில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ ஒரு கூட்டுறவு அமைப்பு, விற்றுப் பிழைப்பதற்கென்றே தைத்தார்கள். எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்த குவில்ட்டில் 1,920 பகுதிகள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி. அதைத் தனியொருவர் சொந்தம் என்று சொல்லவே முடியாது.

நம் அளவில் ஒரே விதி: முதல் துண்டை வெட்டும் முன் யாருக்காக என்று முடிவுசெய்து எழுதிவையுங்கள். பரிசா, நன்கொடையா, சீட்டுக் குலுக்கலா என்பதைத் தைத்து முடித்தபின் பேசத் தொடங்கிய குழுக்கள் சண்டையில்தான் முடிந்தன.

கடையில் 500 ரூபாய்க்குப் போர்வை கிடைக்கிறது. நான் தைத்ததை எந்த விலைக்கு விற்பது?

முதலில் துணி, நூல், நடு அடுக்கு ஆகியவற்றின் செலவை எழுதுங்கள். பிறகு வெட்டியது, இணைத்தது, அடுக்கியது, தைத்தது, ஓரம் கட்டியது எல்லாவற்றுக்கும் ஆன மணிகளை எழுதி, உங்கள் ஊரில் ஒரு தையல்காரருக்குக் கொடுக்கும் கூலியால் பெருக்குங்கள். வரும் தொகையைப் பார்த்து உங்களுக்கே தலைசுற்றும். பலர் அங்கே பயந்து கூலியை விட்டுவிட்டுத் துணி விலைக்கே விற்கிறார்கள். அதனால் அடுத்தவரும் விலை சொல்ல முடியாமல் போகிறது. போர்வைக்கு ஆள் கிடைக்காவிட்டால் பை, பாய்விரிப்பு, குழந்தை விரிப்பு என்று சிறியதாகச் செய்து கூலியைக் குறைக்காமல் விற்றுப் பாருங்கள்.

பரிமாறிக்கொண்ட கட்டங்கள் அதில் இருந்தால், விற்கும் முன் அவற்றைத் தைத்தவர்களைக் கேட்டுவிடுங்கள்.